படை உடையும் படைச் சின்னமும்: காஞ்சிபுரம் முன்னாள் படைவீரர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், காஞ்சிபுரம்.

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள், இந்து சமய அறநிலையத் துறை இணை ஆணையர் அவர்கள், முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அவர்கள்.

பொருள்: தனியார் காவலர்களுக்கும் பொதுமக்களுக்கும் ராணுவச் சீருடை, பெரே தொப்பி, பதவிச் சின்னம் ஆகியவை வழங்கப்படுவதையும் விற்கப்படுவதையும் தடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

காஞ்சிபுரம் நகரிலும் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை, வாலாஜாபாத் பகுதிகளிலும் குடியிருக்கும் முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் எங்களுடையது. எங்களில் பலர் தறிக்குழியிலிருந்து எழுந்து படைக்குப் போனவர்கள். பணி முடிந்து ஊர் திரும்பி, மறுபடி தறியில் உட்கார்ந்தவர்களும் உண்டு.

சென்ற மாதம் எங்கள் உறுப்பினர் ஒருவர் மகளின் முகூர்த்தப் புடவை எடுக்கக் காந்தி சாலைக்குப் போயிருந்தார். கடை வாசலில் நின்ற காவலர் கார் கதவைத் திறந்துவிட்டு விறைப்பாக சல்யூட் அடித்தார். உடம்பில் பச்சைப் புள்ளி போட்ட கமாண்டோ சட்டை, தோளில் இரண்டு நட்சத்திரம், கக்கத்தைச் சுற்றி விசில் கயிறு, தலையில் மெரூன் நிறப் பெரே தொப்பி. நம்மவர் பாராசூட் ரெஜிமென்டில் இருந்தவர். அந்த நிறத் தொப்பி தலைக்கு வருவதற்கு முன் தகுதிகாண் காலத்தில் எத்தனை பேர் வடிகட்டப்படுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆக்ராவில் விமானத்திலிருந்து ஐந்து முறை குதித்த பிறகுதான் நெஞ்சில் இறக்கைச் சின்னம் ஏறும். புதுத் தொப்பியைத் தண்ணீரில் நனைத்து, தலையில் வைத்து வலப்பக்கம் இழுத்துப் படியவிட்டு, அப்படியே காயவிட்டு, பேட்ஜ் இடக் கண்ணுக்கு நேர் மேலே வருகிறதா என்று கண்ணாடியில் நாலு முறை பார்த்த நாள் அவருக்கு இன்னும் மறக்கவில்லை. அன்று அவர் புடவை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் நாங்கள் நாலு பேர் போய் அந்தக் காவலரிடம் பேசினோம். அவரும் ஐம்பதைத் தாண்டியவர். விசைத்தறி ஓடாமல் போனதால் இந்த வேலைக்கு வந்திருக்கிறார். உடுப்பு முழுவதும் ஏஜென்சி கொடுத்தது. அதற்கான பணத்தை மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்களாம். தோளில் இருக்கும் நட்சத்திரம் எந்தப் பதவிக்கு உரியது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்மேல் எங்களுக்கு எள்ளளவும் கோபம் இல்லை. இந்த மனுவால் அவரைப் போன்ற ஒருவருடைய வேலைக்குக்கூட ஆபத்து வரக்கூடாது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறோம்.

காவலருக்கு இத்தகைய உடை கொடுப்பதைத் தடுக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005-இன் 21ஆம் பிரிவே போதும். முப்படை, ஒன்றியத்தின் பிற ஆயுதப் படைகள், காவல்துறை ஆகியவற்றின் சீருடையையோ, அதைப் போலத் தோன்றும் உடையையோ தனியார் காவலர் அணிந்தால், அணிந்தவருக்கும் முகமையின் உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது சொல்கிறது. காவலர் என்ன அணிய வேண்டும் என்பதையும் ஒன்றிய அரசின் மாதிரி விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: முகமையை அடையாளம் காட்டும் கைப்பட்டை, பொறுப்பைக் காட்டும் பேட்ஜ், கயிற்றில் கட்டி இடப்பையில் வைத்த விசில், கயிறு கட்டும் காலணி, முகமையின் சின்னம் தாங்கிய தலைத்தொப்பி. ராணுவ நட்சத்திரத்துக்கும் ரெஜிமென்ட் நிறத்துக்கும் அதில் இடமே இல்லை.

பொதுமக்கள் விஷயத்தில் சட்டம் வேறு மாதிரி. பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவின்படி, தன்னைப் படைவீரன் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படை உடையையோ அடையாளத்தையோ அணிந்தால்தான் குற்றம். மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 140ஆம் பிரிவும் இதையேதான் குற்றம் என்றது; அபராத வரம்பு மட்டும் அப்போது 500 ரூபாய். எண்ணம்தான் இங்கே அளவுகோல். ஆகவே கல்லூரிப் பையன் புள்ளி போட்ட கார்கோ பேண்ட் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் நின்றால் அவனை நிறுத்தி அதட்ட வேண்டாம். ஆட்டோ ஓட்டுநரின் காக்கி அவருடைய உழைப்பின் உடை. பள்ளி மாறுவேடப் போட்டியில் சிப்பாய் வேடம் கட்டும் குழந்தையைப் பார்த்தால் எங்களுக்கு மகிழ்ச்சியே. பார்படோஸ் போன்ற சில கரீபிய நாடுகளில் குழந்தைகூட உருமறைப்பு உடை போடக்கூடாது. அந்த அளவு கடுமையை நாங்கள் கேட்கவில்லை.

அப்படியானால் ஏன் இவ்வளவு தூரம் வந்து மனு கொடுக்கிறோம் என்று தாங்கள் கேட்கலாம். 2015 ஜூலை 27 அன்று பஞ்சாபின் தீனாநகரிலும், 2016 ஜனவரி 2 அன்று பதான்கோட் விமானப்படைத் தளத்திலும் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். பதான்கோட்டுக்குப் பிறகு, பொதுமக்கள் ராணுவ மாதிரி உடைகளை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவமே வேண்டுகோள் விடுத்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டபோது, கொன்றவர்கள் படைவீரர் போன்ற உடையில் இருந்ததாக உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். பிறகு காப்பாற்ற வந்த உண்மையான வீரர்களைப் பார்த்ததும், இவர்களும் அவர்கள்தான் என்று நினைத்து, பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று பெண்கள் கதறினார்கள். நாங்கள் இந்திய ராணுவம், பயப்படாதீர்கள் என்று அந்த வீரர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் கூட்டத்தில் அந்தக் காட்சி பதிவான காணொளியை இரண்டாம் முறை பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. இந்த உடையைக் கண்டால் தாய்மார்களுக்குத் தைரியம் வர வேண்டும் என்றுதானே இத்தனை வருடம் அதை உடுத்தியிருந்தோம்.

காஞ்சிபுரம் எல்லையிலா இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனத்துக்காக ஜூலை 1 முதல் 48 நாள், நான்கு மாட வீதிகளும் மனிதத் தலைகளாக இருந்தன. அந்த நெரிசலில் மக்கள் யார் சொன்னதைக் கேட்டார்கள்? உடுப்பு போட்டுக் கைகாட்டியவர் சொன்னதைத்தான். அவர் யார், எந்தத் துறை என்று யாரும் விசாரிக்கவில்லை; விசாரிக்க நேரமும் இல்லை. வைகாசிக் கருட சேவையிலும் பங்குனி உத்திரத்திலும் இதே கதைதான். கூட்டத்தில் உடுப்புதான் அதிகாரம். தவறான ஆள் தவறான பக்கம் கைகாட்டினால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. பணிமாறுதலாகிப் போகிறேன், வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றும், முகாமுக்கு மொத்தமாகச் சரக்கு வேண்டும், முன்பணம் அனுப்ப இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள் என்றும் சீருடைப் படத்தைக் காட்டி ஏமாற்றுவது நாடெங்கும் நடக்கிறது. புடவை மொத்தமாக விற்கும் ஊர் நம் ஊர். ராணுவக்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிப் பணத்தை இழப்பவர் எங்கள் பெயரால்தான் இழக்கிறார்.

இந்த ஊருக்கு அடையாளத்தின் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். சரிகைக்கென்றே அரசு நிறுவனம் இங்கு இயங்குகிறது. காஞ்சிபுரம் பட்டு 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்றால் நெசவாளிக்கு வயிறு எரிகிறதல்லவா, அதே எரிச்சல்தான் எங்களுக்கும். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று அறிமுகமான புதிய போர்ச் சீருடையின் வடிவத்தை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது. நம் பட்டுக்கு இருப்பதைப் போலவே அதற்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டின் யானைச் சின்னமோ 1803இல் அசாயே போர்க்களத்தில் நின்ற சென்னைப் படைகளின் நினைவு. அதைச் சாலையோரத்தில் காசு கொடுத்து வாங்க முடிகிறது.

ஆகவே கீழ்க்காணும் நடவடிக்கைகளை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

மாவட்டத்தில் உரிமம் பெற்ற எல்லாத் தனியார் பாதுகாப்பு முகமைகளையும் அழைத்து, மூன்று மாதத்துக்குள் காவலர்களின் உடையை மாற்றச் சொல்ல வேண்டும். புது உடைக்கான செலவை முகமையே ஏற்க வேண்டும். காவலரின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக்கூடாது. எங்களுடைய முதன்மையான கோரிக்கை இதுவே. கெடு முடிந்த பிறகும் மாற்றாத முகமையின் உரிமையாளர் மீது 21ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதியலாம். ஏஜென்சி கொடுத்ததை உடுத்திய காவலரை வழக்கில் இழுக்க வேண்டாம்.

திருக்கோயில்களில், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு நிறுவனமான டெக்ஸ்கோ வழியாக வந்த முன்னாள் படைவீரர்களும், திருக்கோயில் பாதுகாப்புப் படையினரும், தனியார் காவலர்களும் அருகருகே நிற்கிறார்கள். பக்தருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அறநிலையத் துறை மூவருக்கும் வெவ்வேறு நிறத்தில் உடை நிர்ணயிக்க வேண்டும். அந்தத் துணியை நம் மாவட்டக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களிடம் வாங்கினால் நெசவாளிக்கும் வேலை கிடைக்கும்.

பதவிச் சின்னம், ரெஜிமென்ட் பேட்ஜ், பதக்கம், பதிவு பெற்ற புதிய சீருடைத் துணி ஆகியவற்றை அடையாள அட்டை பார்க்காமல் விற்கக் கூடாது என்று தையல் கடைகளுக்கும் உடுப்புக் கடைகளுக்கும் அறிவுறுத்த வேண்டும். சாதாரணப் புள்ளித் துணிக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். திருவிழாக் காலங்களில் தன்னார்வலர்களுக்குக் காவல்துறை தரும் அடையாள அட்டை மட்டுமே போதும்; சீருடை போன்ற எந்த உடுப்பும் அனுமதிக்கப்படக் கூடாது. சீருடைப் படம் காட்டிப் பணம் கேட்பவர்களைப் பற்றி இணையவழிக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம் என்ற அறிவிப்பைப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் ஒட்ட வேண்டுகிறோம்.

பணி ஓய்வுக்குப் பின் நாங்களே சீருடையை மடித்து, எண்ணும் பெயரும் வெள்ளையில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். குடியரசு தினத்தன்று கோட்டின் மேல் பதக்கம், தலையில் எங்கள் தொப்பி, அவ்வளவுதான். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டில் அப்படி ஒரு பெட்டி மட்டும் ஊர் வந்து சேர்ந்தது, மகன் வரவில்லை. முகூர்த்தப் பட்டைச் சுற்றி வைக்கும் வெள்ளை மல் துணியில் அந்தப் பெட்டியில் இருந்த தொப்பியைச் சுற்றி வைத்திருக்கிறார் தகப்பனார். இந்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது.

எது ராணுவச் சின்னம், எது சாதாரணக் கடைச் சரக்கு என்று கடைக்காரர்களுக்கும் ஏஜென்சிகளுக்கும் காட்டிக்கொடுக்க எங்கள் உறுப்பினர்கள் பத்துப் பேர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறார்கள். முகமை உரிமையாளர்களைத் தாங்கள் அழைக்கும் கூட்டத்துக்கு எங்களையும் அழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்
காஞ்சிபுரம்