கூடியது தலை, குறைந்தது நாற்காலி!

1962ல் டில்லிப் பாராளுமன்றத்தின் மக்கள் சபைக்கு நம் மாநிலம் அனுப்பியவர்கள் 41 பேர். 1967ல் அனுப்பியவர்கள் 39 பேர். இடையில் எல்லை சுருங்கியதா? இல்லை. மக்கள் குறைந்தார்களா? அதுவும் இல்லை. 1951ல் 3 கோடியே 1 இலட்சமாக இருந்த மக்கள் தொகை 1961ல் 3 கோடியே 37 இலட்சமாக உயர்ந்திருந்தது. கூடியது தலை, குறைந்தது நாற்காலி!

1952ல் 75 பேர் போனார்களே என்று சிலர் நினைவூட்டக் கூடும். அது ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்த பழைய சென்னை ராஜ்யம். 1953லும் 1956லும் அவரவர் தம் மொழிவழி மாநிலத்துக்குப் போனார்கள், தம் இடங்களையும் கொண்டு போனார்கள். கன்னியாகுமரி நம்மோடு சேர்ந்தது. 1957ல் 41 ஆயிற்று. அதில் வருந்த ஏதுமில்லை.

1967ல் நடந்தது வேறு. பத்தாண்டில் நாட்டின் மக்கள் தொகை நூற்றுக்கு 21க்கு மேல் பெருகிற்று. இங்கே நூற்றுக்கு 12 கூட இல்லை. சபையோ 494லிருந்து 520ஆக வளர்ந்தது. மேற்கு வங்கத்துக்கு 36 போய் 40 வந்தது. ஆந்திரமும் இரண்டை இழந்தது, உத்தரப் பிரதேசமே ஒன்றை இழந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகவே, இது நமக்கென்றே தீட்டப்பட்ட சதி என்று கூற நாம் வரவில்லை. சதியல்ல, சட்டம்! கவலையும் அதனால்தான்.

அளவான குடும்பம் வேண்டுமென்று போதித்தது யார்? டில்லி. அதைக் கேட்டு முன்னே நடந்தது யார்? 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமியே பின்னர் சென்னையின் தலைமைச் செயலாளரானார். 1956லேயே கருத்தடை செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகை தந்த மாநிலம் இது. 1967ல் இழந்த இரண்டுக்கும் அந்தத் திட்டமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் பின்னர் வந்த கணக்குகளில் அதன் பலன் தெரிந்தது. சொன்னதைச் செய்தவனுக்குத் தண்டனை, செய்யாதவனுக்குப் பரிசு என்றாகும் ஆபத்தை டில்லியும் உணர்ந்தது. 1976ல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கோடு பங்கீட்டை நிறுத்தி வைத்தது. அந்தத் தடை, 2001ல் கொண்டு வரப்பட்ட 84ஆவது திருத்தத்தால், 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டப்பட்டது. 2009ல் திருச்செங்கோடும் பழனியும் சிவகாசியும் பட்டியலிலிருந்து மறைந்தன. தேனியும் திருப்பூரும் விருதுநகரும் வந்தன. மொத்தம் மட்டும் 39தான். 2024லும் அதே 39.

போனது இரண்டுதானே என்பார் உண்டு. 1999 ஏப்ரலில் ஒரு மத்திய சர்க்கார் ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்! 14 தேர்தல்களில் 28 உறுப்பினர்களை இழந்ததற்கு, ஆளுக்கு 200 கோடி வீதம் 5,600 கோடி ரூபாய் ஈடு தரக்கூடாதா என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021ல் கேட்டது. ரூபாய்க் கணக்கு இருக்கட்டும். ரூபாய் நாணயம் சபையில் எழுந்து நின்று பேசுமா?

"ஆளுக்கொரு வாக்கு, வாக்குக்கொரு மதிப்பு. தலையை எண்ணாமல் வேறு எதை எண்ணுவது?" என்பது எதிர்வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் தலையை எண்ணும் அமெரிக்காவில், பெரிய மாநிலமானாலும் சிறிய மாநிலமானாலும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடம். நம் மேல்சபையிலோ உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. கீழே எண்ணிக்கை, மேலேயும் எண்ணிக்கை! மாநிலம் என்ற முறையில் நமக்கு எந்தச் சபையில் காப்பு?

தொகுதி வரையறைக் குழு ஆணை பிறப்பித்துவிட்டால் பாராளுமன்றமே அதில் ஒரு வரியைத் திருத்த முடியாது. ஆகவே கேட்க வேண்டியதைக் குழு அமையும் முன்பே கேட்கிறோம்: 543ல் 39 என்பது நூற்றுக்கு 7.18. சபையை எத்தனை பெரிதாக்கினாலும் அந்த விகிதம் குறையாதென்று அரசியல் சட்டத்திலேயே முதலில் எழுதட்டும். எண்ணுகிற வேலை அதற்குப் பிறகு நடக்கட்டும்.