கண்டுபிடித்தார்களாம்!

மார்கழி மாதம் வந்துவிட்டால் சென்னை மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் ஒரே பேச்சுத்தான். "இந்த ஸீஸனில் புதிதாக யாரைக் கேட்டீர்கள்? எந்தப் பிள்ளை நன்றாகப் பாடுகிறான்? எந்த சபாவில் சாப்பாடு ருசி?" என்பதே அப்பேச்சு. மாதம் முடிந்ததும் ஆளுக்கொரு ஜாபிதா வெளிவரும். இவ்வருஷத்துக் கண்டுபிடிப்புகள் இன்னின்னார் என்று.

சங்கீதம் கேட்பதில் நமக்கு விரோதமில்லை. புதியவர்களைத் தேடிக் கேட்பதும் நல்ல காரியமே. நாம் கேட்பதெல்லாம், தேடினவர்கள் எங்கே தேடினார்கள் என்பதுதான். வாணி மகாலிலிருந்து கிருஷ்ண கான சபாவுக்கும், அங்கிருந்து மியூசிக் அகாடமிக்கும் போய்த் திரும்பிவிட்டால் தமிழ்நாட்டு இசையெல்லாம் கேட்டதாகிவிடுமா? வீட்டிலுள்ள நான்கு அறைகளைச் சுற்றி வந்தவன் திக்விஜயம் செய்ததாகச் சொன்னால் சிரிக்கமாட்டோமா?

பழைய கணக்கைச் சற்றுப் பாருங்கள். 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸோடு நடந்த சங்கீத மகாநாட்டின் பலனாக 1928-ல் அகாடமி ஏற்பட்டது. அதன் சங்கீத கலாநிதி பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1968 வரை ஆயிற்று. அந்தப் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவர் 1966-லேயே ஐக்கிய நாடுகள் சபையில் பாடிவிட்டு வந்தவர்! பாடுவதற்கு மேடை உண்டு, பட்டத்திற்கு மட்டும் பொறுத்திரு என்றால், அது என்ன நியாயம்?

தமிழில் பாடுங்கள் என்று 1941-ல் அண்ணாமலைநகரில் மகாநாடு கூடிச் சொன்னபோது, சங்கீதத்தின் தரம் கெட்டுவிடும் என்றார்கள். அதனால் 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தனியே பிறக்க வேண்டியிருந்தது. இன்று எல்லா சபாக்களிலும் தமிழ்ப் பாட்டுக் கேட்கிறது. தரம் எங்கே ஓடிப்போயிற்று? ஆகவே, தரம் என்பது அநேக சமயங்களில் கதவுக்குப் போட்ட தாழ்ப்பாளே தவிர வேறில்லை.

பெசன்ட் நகர்க் கடற்கரையோரத்தில் ஊரூர்-ஆல்காட் குப்பம் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. 2015-ல் அங்கே கர்நாடக சங்கீதமும் பறையாட்டமும் ஒரே விழாவில் நடந்தன. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையத்தார் "மார்கழியில் மக்களிசை" என்று துவக்கி, பறையையும் கானாவையும் ஒப்பாரியையும் மேடையேற்றினார்கள். அதைக் கேட்டுவிட்டு, "அடடா! இப்படியும் ஒரு இசை இருக்கிறதா?" என்று அதிசயிப்போர் உண்டு. தெரு முழுதும் தலைமுறை தலைமுறையாய்த் தண்ணீர் இறைக்கும் கிணற்றை, கொல்லைக் கதவை இன்றைக்குத்தான் திறந்தவன் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லலாமா? கிணறு காணாமற் போகவில்லை, ஐயா! கதவுதான் சாத்தியிருந்தது.

கதவைத் திறக்கச் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதை என்ன? குப்பத்து விழாவை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டி.எம். கிருஷ்ணாவுக்கு 2024 மார்ச்சில் அகாடமியே கலாநிதி பட்டம் அறிவித்தது. உடனே சில வித்வான்கள், அவர் பெரியாரைப் போற்றுவதையும் ஒரு குற்றமாகக் காட்டி, அவ்வருஷத்து மேடையிலிருந்து விலகிக்கொண்டார்கள். அவர் சுருதி தப்பிப் பாடினார் என்பதா புகார்? சங்கீதத்தில் ஜாதி இல்லை என்று சொல்லுகிறவர்கள், ஜாதியைப் பற்றிப் பேசினவன் மீது இவ்வளவு ஆத்திரப்படுவானேன்?

இனி, நம்மவர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருக்கிறது. மயிலாப்பூரைப் பழித்துவிட்டால் நம் யோக்கியதை சரியாகிவிடுமா? நம் ஊரில் சாவு விழுந்தால் பறை வேண்டும். அடிக்கிற மனிதருக்குத் திண்ணையில் இடமுண்டா? நம் தம்ளரில் தண்ணீர் உண்டா? விடிய விடிய அடிக்கச் சொல்லிவிட்டு, கூலியைக் கையில் படாமல் போடுகிறவன் சபாக்காரனைக் குறை சொல்ல என்ன பாத்தியம்? அங்கே உள்ளே விடாத கதவும், இங்கே ஏறவிடாத திண்ணையும் ஒரே மரத்தில் செய்தவைதானே!

ஆகையால், தோழர்களே! அடுத்த மார்கழியில் நீங்களும் ஒரு ஜாபிதா எழுதுங்கள். புதிதாக எதைக் கேட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இத்தனை நாள் எதைக் கேட்காமலிருந்தேன், ஏன் கேட்காமலிருந்தேன் என்றும் எழுதுங்கள். வாசித்தவரை நம் வீட்டுக்குள் அழைத்து, நாற்காலி போட்டு, நாம் குடிக்கும் பாத்திரத்திலேயே காப்பி கொடுங்கள். அதுவே அவ்வருஷத்தின் மெய்யான கண்டுபிடிப்பாகும்.