ஆயிரம் பார்வைக்கு என்ன கூலி?

"சொந்தமாக ஓர் இணையதளம் தொடங்கு. நாலு விளம்பரச் சொற்களைக் கற்றுக்கொள். வீட்டில் உட்கார்ந்தபடியே பணம் வரும்." இப்படி ஓர் உபதேசம் இன்று ஊரெல்லாம் நடக்கிறது. இந்த உபதேசத்தைக் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வகுப்புகளும் உண்டு. வேலை கிடைக்காத பட்டதாரி, வட்டாரச் செய்தி எழுதும் நிருபர், சமையல் குறிப்பு எழுதும் குடும்பப் பெண், பாடம் விளக்கி எழுதும் ஆசிரியர் என எல்லோரும் இதை நம்பி இறங்குகிறார்கள். ஆறு மாதம் இரவு பகலாக உழைக்கிறார்கள். முடிவில் கணக்கைத் திறந்து பார்த்தால், இன்டர்நெட் கட்டணத்துக்குக்கூடக் காணாத காசு! உபதேசியாரைக் கேட்டால் என்ன சொல்கிறார்? "நீ சொற்களைச் சரியாகக் கற்கவில்லை" என்கிறார்.

நாமும் சொல்கிறோம்: சொற்களைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் பாதியில் நிறுத்தக் கூடாது. இந்த அகராதியில் ஒவ்வொரு சொல்லும் ஒரு தராசு. அந்தத் தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதையும் சேர்த்துக் கற்றால்தான் படிப்பு முழுமையாகும்.

எண்ணுவது யார்?

முதல் சொல் 'இம்ப்ரெஷன்'. வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அதில் ஒரு விளம்பரம் வந்து நின்றால் அது ஒரு இம்ப்ரெஷன். ஆயிரம் இம்ப்ரெஷனுக்கு விளம்பரதாரர் கொடுக்கும் விலைக்கு 'சி.பி.எம்.' என்று பெயர். இது கட்சியின் பெயரல்ல, பயப்பட வேண்டாம்! லத்தீன் மொழியில் ஆயிரத்துக்கு 'மில்லே' என்று பெயர். அதிலிருந்து வந்த எழுத்து அது.

1994 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவில் 'ஹாட்வயர்டு' என்ற தளத்தில் ஏ.டி.&டி. டெலிபோன் கம்பெனியின் பட்டை விளம்பரம் வந்தது. இணையத்தில் பட்டை விளம்பரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. பத்திரிகையில் இடம் வாங்குவதுபோலவே அந்த இடத்தையும் வாங்கினார்கள். இத்தனை நாளைக்கு இத்தனை பணம் என்று பேசி முடித்தார்கள். கணக்கு எளிது, இரு தரப்புக்கும் புரிந்தது.

இன்று அப்படியில்லை. விளம்பரம் வந்தால் மட்டும் போதாது, அது 'பார்க்கத்தக்கதாக' இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கும் ஒரு சட்டம்: விளம்பரத்தில் பாதியாவது ஒரு வினாடி நேரம் திரையில் தெரிந்திருக்க வேண்டும், வீடியோவானால் இரண்டு வினாடி. விதி இருப்பதில் தவறில்லை. யாரும் பார்க்காத விளம்பரத்துக்கு எந்த வியாபாரியும் பணம் கொடுக்க மாட்டார். ஆனால் இந்த விதியை வகுத்தது அமெரிக்க விளம்பரத் தொழிலின் அளவைக் கழகம். அந்த விதிப்படி எண்ணுகிற யந்திரம் பெரிய கம்பெனிகளின் கையில். எழுதியவன் கையில் என்ன இருக்கிறது? வந்த எண்ணை வாசிக்கும் உரிமை ஒன்றுதான்!

நஷ்டம் யார் தலையில்?

அடுத்த சொல் 'சி.பி.சி.'. வாசகர் விளம்பரத்தின் மேல் கிளிக் செய்தால்தான் காசு. நூறு பேர் பார்த்து எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற விகிதத்துக்கு 'சி.டி.ஆர்.' என்று பெயர். 1994இல் அந்த முதல் பட்டையை 44 சதவீதம் பேர் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். அன்று அது புதுமை. இன்று பட்டை விளம்பரத்துக்கு நூற்றில் ஒரு கிளிக் கிடைத்தாலே பெரிது.

இதன் பொருள் என்ன? நூறு பேர் விளம்பரத்தைப் பார்க்கிறார்கள். கடையின் பெயர் நூறு பேர் மனதிலும் பதிகிறது. அவர்களில் பலர் மறுநாள் அந்தக் கடைக்கே போகவும் கூடும். ஆனால் தளக்காரருக்குக் கூலி கிளிக் செய்த அந்த ஒருவருக்கு மட்டும்! மீதித் தொண்ணூற்றொன்பது பார்வையும் வெட்டி வேலை.

இன்னும் ஒரு படி மேலே போனால் 'சி.பி.ஏ.'. வாசகர் கிளிக் செய்து, கடைக்குப் போய், பொருளும் வாங்கினால்தான் காசு. சரக்கு மட்டமாக இருந்து அவர் வாங்காமல் திரும்பினால் பழி தளக்காரர் மேல்! நெய்த துணி கடையில் விற்றால்தான் நெசவாளிக்குக் கூலி என்று ஒரு முதலாளி சொன்னால் ஒப்புக்கொள்வோமா? அதே நியாயம்தான் இங்கே நடக்கிறது. வியாபாரத்தின் நஷ்டம் படிப்படியாக வியாபாரியின் தலையிலிருந்து இறங்கி, எழுதியவனின் தலையில் ஏறுகிறது.

சிறு கடைக்காரருக்கு இந்த முறையால் நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஐந்நூறு ரூபாய் வைத்திருப்பவரும் விளம்பரம் செய்ய முடிகிறது. பயனில்லாத விளம்பரத்துக்குப் பணம் போவதில்லை. நல்லதுதான். ஆனால் கடைக்காரருக்கு மிச்சமானது எழுதியவனின் கூலியிலிருந்து வந்தது என்பதையும், இருவருக்கும் நடுவில் நிற்பவர் தம் பங்கில் ஒரு காசும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நூறு ரூபாய் எங்கே போயிற்று?

இனி 'ஃபில் ரேட்', 'ஆர்.பி.எம்.' என்ற இரண்டு சொற்கள். தளம் விளம்பரம் கேட்ட தடவைகளில் எத்தனை சதவீதத்துக்கு விளம்பரம் கிடைத்தது என்பது ஃபில் ரேட். ஆயிரம் பக்கப் பார்வைக்குத் தளக்காரர் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது ஆர்.பி.எம். வகுப்பு நடத்துகிறவர் சி.பி.எம்மைக் காட்டி ஆசை மூட்டுவார். அடுப்பில் உலை வைப்பது ஆர்.பி.எம்தான்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு தளத்துக்கு மாதம் ஒரு லட்சம் பக்கப் பார்வை. பக்கத்துக்கு ஒரு விளம்பர இடம். விளம்பரதாரர் கொடுக்கும் சி.பி.எம். 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஃபில் ரேட் 70 சதவீதம். ஆக 70,000 இம்ப்ரெஷன்; விளம்பரதாரர் கொடுப்பது 7,000 ரூபாய். இதில் தளக்காரருக்கு எவ்வளவு வரும்?

பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கம் 'பி.டபிள்யூ.சி.' கணக்குக் கம்பெனியை வைத்து ஆராய்ந்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விளம்பரதாரர் கொடுத்த பணத்தில் பிரசுரம் செய்தவருக்குப் போய்ச் சேர்ந்தது 51 சதவீதம் என்றது அறிக்கை. மீதியை நடுவிலிருந்தவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். அதிலும் 15 சதவீதம் யாரிடம் போயிற்று என்றே கண்டுபிடிக்க முடியவில்லை! கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட கம்பெனியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை!

அந்த 51 சதவீதத்தையே நம் உதாரணத்துக்கும் வைத்தால் தளக்காரருக்கு 3,570 ரூபாய். ஆர்.பி.எம். 35 ரூபாய் 70 காசு. நூறு என்று தொடங்கியது முப்பத்தைந்தாகக் கரைந்துவிட்டது. இதற்கு மேல் 'செல்லாத போக்குவரத்து' என்று ஒரு கழிவு வேறு. போலிக் கிளிக்குகளைக் கழிப்பது நியாயமே. யந்திரங்களை வைத்துக் கள்ளப் பார்வை காட்டும் மோசடிக் கும்பல்கள் உலகெங்கும் இருக்கின்றன. ஆனால் எது போலி என்று தீர்ப்புச் சொல்பவரே பணம் கொடுக்க வேண்டியவராகவும் இருந்தால்? கடன்காரனே நீதிபதி!

இரு பக்கமும் ஒரே தரகர்

விளம்பரம் விற்கும் முறையை மண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தளக்காரரின் சரக்கை அடுக்கி வைக்கும் கிடங்கு 'அட் சர்வர்'. ஏலம் நடக்கும் களம் 'எக்ஸ்சேஞ்ச்'. விளம்பரதாரருக்காக ஏலம் கேட்கும் ஏஜெண்டும் உண்டு. வாசகர் பக்கத்தைத் திறந்து முடிப்பதற்குள் ஏலம் நடந்து முடிகிறது.

இந்த மூன்று இடத்திலும் உட்கார்ந்திருப்பவர் யார்? கூகுள்! 2007இல் 310 கோடி டாலர் விலை பேசி 'டபுள்கிளிக்' கம்பெனியை வாங்கினார்கள். 2008இல் அது கைக்கு வந்தது. கிடங்கும் ஏலக்களமும் அதோடு வந்து சேர்ந்தன. ஏலக்களத்தின் கமிஷன் 20 சதவீதம். போட்டி உள்ள சந்தையில் கமிஷன் இறங்க வேண்டுமே என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இங்கே பல்லாண்டாக அது அசையவில்லை.

தளக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. பல ஏலக்களங்களிலும் ஒரே நேரத்தில் விலை கேட்கும் 'ஹெடர் பிட்டிங்' என்ற வழியைப் பத்தாண்டுக்கு முன் அவர்களே பரப்பினார்கள். அதிகம் கொடுப்பவருக்குச் சரக்கு. இதைவிட நேர்மையான வியாபாரம் உண்டா? கூகுளிடம் மட்டும் குறைந்தபட்ச விலையைச் சற்று உயர்த்தி வைத்தும் தங்களைக் காத்துக்கொண்டார்கள். 2019இல் கூகுள் புது விதி போட்டது: மற்றவர்களைவிட எங்களுக்கு உயர்ந்த அடிவிலை வைக்கக் கூடாது! சரக்கு உன்னுடையது; விலை வைக்கும் உரிமை மட்டும் உனக்கில்லை.

இது நம் கற்பனையல்ல. 2025 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பெடரல் நீதிபதி லியோனி பிரிங்கேமா தீர்ப்பளித்தார். விளம்பரதாரர் பக்கத்துச் சந்தை பற்றிய குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார். ஆனால் பிரசுரகர்த்தர் பக்கத்து அட் சர்வரிலும் எக்ஸ்சேஞ்சிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் நடத்தியது என்றும், ஒன்றை மற்றொன்றோடு கட்டி விற்றது என்றும் அவர் தீர்மானித்தார். 2025 செப்டம்பரில் ஐரோப்பியக் கமிஷன் இதே துறைக்காக 295 கோடி யூரோ அபராதம் விதித்தது. முதலாளித்துவத்தின் சொந்த நீதிமன்றமே சொன்ன பிறகும், "எல்லாம் சுதந்திரச் சந்தை" என்று வகுப்பெடுப்பவர்களை என்னவென்பது!

"68 சதவீதம் தருகிறார்களே!"

சிலர் கேட்கிறார்கள்: சிறு தளங்களுக்கான 'ஆட்சென்ஸ்' ஏற்பாட்டில் கூகுள் 68 சதவீதம் தருகிறதே, இது அநியாயமா?

கவனியுங்கள். 2023 நவம்பரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வாங்கும் பக்கம் சராசரியாக 15 சதவீதம் எடுக்கும். மீதியில் 80 சதவீதம் தளக்காரருக்கு. நூற்றில் பதினைந்து போக எண்பத்தைந்து. அதில் எண்பது சதவீதம் அறுபத்தெட்டு. பழைய கணக்கேதான், இரண்டு வாசலில் வசூல் என்பது மட்டும் தெரிய வந்தது. அதே அறிவிப்பில் கிளிக்குக்குக் கூலி என்பதை மாற்றி இம்ப்ரெஷனுக்குக் கூலி என்றார்கள். மாற்றம் நல்லதோ கெட்டதோ, யாரைக் கேட்டுச் செய்தார்கள்? உலகெங்கும் உழைக்கிற தளக்காரர்களின் கூலி முறை ஓர் அறிவிப்பில் மாறுகிறது; எதிரே உட்கார்ந்து பேச ஒரு நாற்காலிகூட அவர்களுக்கு இல்லை. விகிதம் எவ்வளவு என்பது ஒரு கேள்விதான். விகிதத்தை நிர்ணயிப்பது யார் என்பதே பெரிய கேள்வி.

1952இல் தஞ்சைக் குத்தகை விவசாயிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று சட்டம் எழுத வைத்தார்கள். பங்கு போதாது என்று மேலும் போராடினார்கள். ஆனால் அளக்கும் களம் கண்ணுக்குத் தெரிந்தது. மரக்காலைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. இணையக் களத்தில் மரக்காலே கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழில் எழுதுபவர் நிலை இன்னும் ஒரு படி கீழே. 2003இல் தொடங்கிய ஆட்சென்ஸ், தமிழ்த் தளங்களுக்கு வாசலைத் திறந்தது 2018இல். பதினைந்து ஆண்டு காத்திருந்து உள்ளே வந்தவருக்கு, 100 டாலர் சேரும்வரை கையில் காசு இல்லை. நம் உதாரணத் தளம் அதைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

டில்லி செய்தது என்ன?

2016 ஜூனில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குப் போகும் இணைய விளம்பரப் பணத்தின் மேல் 6 சதவீதச் சமன் வரியை இந்திய சர்க்கார் விதித்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரி ரத்து! அமெரிக்கா வரிப் போர் மிரட்டல் விட்டுக்கொண்டிருந்த நாட்களில் இது நடந்தது. 2024இல் விளம்பரத்தால் மட்டும் சுமார் 26,400 கோடி டாலர் வருமானம் பார்த்த கம்பெனிக்கு இந்தச் சலுகை! வட்டாரச் செய்தித் தளம் நடத்துபவர் இன்டர்நெட் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. கட்டிக்கொண்டிருக்கிறார்.

பெரிய பத்திரிகை முதலாளிகளின் டிஜிட்டல் சங்கமும் புகார் கொடுத்து, 2022 ஜனவரியில் போட்டிக் கமிஷன் விசாரணைக்கு உத்தரவிட்டது. தங்கள் நிருபர்களின் ஊதியத்தைப் பேசினால் "சந்தை விதி" என்பவர்கள், தங்கள் பங்கு குறைந்ததும் "ஏகபோகம்" என்று அலறுகிறார்கள். அவர்கள் புகாரில் நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது தங்கள் பங்கை. சிறு தளக்காரருக்காக அவர்கள் வாதாட மாட்டார்கள்.

செய்ய வேண்டியது

ஆகவே தளக்காரர்களே, சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். சி.பி.எம்மைக் கண்டு மயங்காமல் ஆர்.பி.எம்மைக் கணக்கிடுங்கள். ஒரே தரகரிடம் கட்டுண்டு கிடக்காதீர்கள். உங்கள் ஊர் ஜவுளிக்கடைக்கும் உரக்கடைக்கும் நாள் வாடகைக்கு நேராக இடம் விற்கலாம். நடுவில் யாரும் இல்லை. வாசகரிடம் சந்தா கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் தனி ஒருவரின் சாமர்த்தியத்தால் இந்தத் தராசு நேராகிவிடாது. விளம்பரதாரர் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் எந்தக் கையில் எவ்வளவு தங்கியது என்று சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். கழிவுகளைத் தணிக்கை செய்ய, பணம் கொடுக்காத மூன்றாவது ஆள் வேண்டும். கிடங்கும் ஏலக்களமும் ஒரே முதலாளியிடம் இருக்கக் கூடாது. கூலி முறையை மாற்றுமுன் கூட்டாகப் பேசும் உரிமை வேண்டும். இவற்றைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும்.

வட்டாரச் செய்தியும், கிராமத்துக் குறையும், பள்ளிப் பாடமும் தமிழில் எழுதப்பட வேண்டுமானால் எழுதுகிறவர் வயிறு காயக் கூடாது. மரக்காலைக் கையில் எடுத்துப் பார்க்கும் உரிமையைக் கேளுங்கள். கேட்காமல் எந்தக் களத்திலும் அளவு சரியானதில்லை!