சம்பளமில்லாத கௌபோய்கள்

'வெஸ்ரேண்' என்றதும் எம்மவரில் இலக்கியம் பேசுவோர் முகம் சுளிப்பார்கள். தொப்பி, துப்பாக்கி, குதிரை, சுட்டு விழுத்தப்படும் செவ்விந்தியர், முடிவில் வெள்ளைக்காரனின் வெற்றி. இதில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர்களது கேள்வி. அந்த முகச்சுளிப்பில் நியாயம் உண்டு. ஆனால் குப்பை என்று சொல்லி ஒதுக்கிவிட்டால், அதை யார், எதற்காக எங்கள் வரவேற்பறைக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகிறோம். வென்ற தொடர்களைப் பற்றி எழுதுவதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்வது தோற்றுப்போன இரண்டு தொடர்களை.

1962 இலையுதிர்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பதினொரு நாள் இடைவெளியில் இரண்டு தொடர்கள் தொடங்கின. செப்டெம்பர் 20இல் என்.பி.சி.யில் 'த வைட் கன்றி'. ஒக்டோபர் 1இல் ஏ.பி.சி.யில் 'ஸ்ரோனி பேர்க்'. இரண்டும் கறுப்பு வெள்ளை, இரண்டும் ஒரு மணிநேரம், இரண்டிலும் நாயகன் றோடியோக்காரன். முந்தைய நூற்றாண்டின் கௌபோய் அல்ல. கார் ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அலையும் சமகாலக் கௌபோய். இரண்டுமே அடுத்த கோடையைக் காணவில்லை. முதலாவது 28 அங்கங்களோடு 1963 ஏப்ரலிலும், இரண்டாவது 32 அங்கங்களோடு அதே ஆண்டு மே மாதத்திலும் நின்றுபோயின.

ஏன் நின்றன என்று கேட்டால் வழக்கமான பதில் தயாராக இருக்கும். துப்பாக்கி இல்லை, அதனால் விறுவிறுப்பு இல்லை. ஒரே பருவத்தில் ஒரே மாதிரி இரண்டு தொடர்கள் வந்தால் ஒன்றையொன்று தின்னும். 'ஸ்ரோனி பேர்க்' ஓடிய திங்கட்கிழமை இரவில் சி.பி.எஸ். அலைவரிசையில் டனி தோமஸும் அன்டி கிறிஃபித்தும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் இவை கணக்கப்பிள்ளையின் பதில்கள். இவற்றுக்கு அடியில் வேறொன்று கிடக்கிறது என்பதே எமது வாதம்.

றோடியோ எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பழக்கப்படாத குதிரையை ஒடுங்கிய கூண்டுக்குள் நிறுத்தி, அதன் மேல் ஆளை இருத்தி, கதவைத் திறந்து விடுவார்கள். குதிரை துள்ளும், உதறும், சுழலும். ஆள் ஒற்றைக் கையால் பிடித்தபடி எட்டு விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். மற்றக் கை குதிரையிலோ தன் உடலிலோ பட்டால் புள்ளி கிடையாது. நூறு புள்ளியில் பாதி ஆளுக்கு, பாதி குதிரைக்கு. குதிரை சோம்பலாகத் துள்ளினால் நல்ல ஓட்டக்காரனும் தோற்பான்.

இதுவரை விளையாட்டு. இனி வருவதுதான் விஷயம். இந்த மனிதனுக்குச் சம்பளம் இல்லை. போட்டியில் இறங்குவதற்கு அவனே கட்டணம் செலுத்த வேண்டும். பயணச் செலவும் சாப்பாடும் தங்குமிடமும் அவனுடையவை. விழுந்து எலும்பு முறிந்தால் வைத்தியச் செலவும் அவனுடையது, முறிந்த எலும்பு பொருந்தும் வரை வருமானமும் இல்லை. பரிசு கிடைத்தால் அடுத்த ஊருக்குப் பெற்றோல் அடிக்கலாம். கிடைக்காவிட்டால் கடன். அடிபடுவதற்கான உரிமையைக் காசு கொடுத்து வாங்கும் தொழிலாளி உலகில் வேறு எங்காவது உண்டா என்று நாம் கேட்க மாட்டோம். ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

'ஸ்ரோனி பேர்க்'கில் ஜக் லோர்ட் நடித்த நாயகனுக்கு இருப்பது ஒரேயொரு கனவு. உலகச் சம்பியனுக்குக் கொடுக்கும் தங்கப் பக்கிளை வெல்ல வேண்டும். நிலம் வாங்கும் கனவில்லை, ஊருக்குச் சட்டம் போடும் கனவில்லை. பக்கத்தில் வொறன் ஓட்ஸ் நடித்த வெஸ் பெயின்ரர் என்றொருவன், நம்பிக் காசு கொடுக்க முடியாத கூட்டாளி. தொடரை உருவாக்கிய லெஸ்லி ஸ்ரீவன்ஸும், ஒளிப்பதிவாளர் கொன்றட் ஹோலும் அடுத்த ஆண்டே 'அவுற்றர் லிமிற்ஸ்' என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடருக்குப் போய் அங்கே பெயரெடுத்தார்கள்.

'வைட் கன்றி'யின் கதை எம்மை இன்னும் நெருங்கி வருவது. ஏர்ள் ஹொலிமன் நடித்த மிச் கத்றி குதிரை ஓட்டும் அண்ணன். அன்ட்ரூ பிறைன் நடித்த அன்டி தம்பி. தம்பிக்கும் றோடியோவில் இறங்க ஆசை. அண்ணனோ, நான் விழுந்து எழும்புவது போதும், நீ படி என்கிறான். தன் உடம்பை விற்றுத் தம்பியின் புத்தகத்துக்கு வழி பார்க்கும் அந்த அண்ணனை எமக்கு ஒருவரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கோப்பை கழுவிய எத்தனை அண்ணன்மார்! ஒரு சுவையான செய்தியும் உண்டு. இந்தத் தொடரில் அடிக்கடி வரும் ஸ்லிம் பிக்கன்ஸ் நிஜமாகவே றோடியோக் கோமாளியாக இருந்தவர். குப்றிக்கின் 'டொக்ரர் ஸ்ரேஞ்ச்லவ்' படத்தில், 1964இல், தொப்பியை ஆட்டியபடி அணுகுண்டின் மேல் சவாரி போகிறாரே, அவரேதான்.

இப்போது அந்தக் காலத்தில் வென்ற தொடர்களைப் பாருங்கள். 1955 முதல் 1975 வரை இருபது பருவங்கள் ஓடிய 'கன்ஸ்மோக்'கின் நாயகன் அரச அதிகாரி, மார்ஷல். 1959 முதல் 1973 வரை ஓடிய 'பொனான்ஸா'வின் நாயகர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் வைத்திருக்கும் தகப்பனும் பிள்ளைகளும். எமது தொடர்கள் தொடங்கிய அதே 1962 செப்டெம்பரில் தொடங்கி ஒன்பது பருவங்கள் ஓடிய 'த வேர்ஜீனியன்' யாருடைய கதை? பெரிய பண்ணையொன்றின் மேற்பார்வையாளனின் கதை. மலையக மொழியில் சொன்னால், கங்காணியின் கதை. அதிகாரி, நிலவுடைமையாளன், கங்காணி. இவர்களுக்கு இருபது வருடமும் பதினாலு வருடமும் ஒன்பது வருடமும். கூலியில்லாமல் உடம்பை வைத்துப் பிழைப்பவனுக்கு எட்டு மாதம்கூட இல்லை. இதைத் தற்செயல் என்று நம்ப நாம் தயாரில்லை. துப்பாக்கி இல்லாததல்ல குறை, நாயகனுக்குச் சொத்து இல்லாததே குறை.

என்றாலும் தோற்றவர்கள் என்பதற்காக இந்தத் தொடர்களுக்கு நாம் மாலை போடப் போவதில்லை. அவை சொன்னது பாதி. மறைத்தது மறுபாதி.

1936இல் பொஸ்ரன் கார்டனில் நடந்த றோடியோவில், கட்டணமாகத் தாங்கள் செலுத்திய பணத்தைப் பரிசுத் தொகையோடு சேர்க்க வேண்டும் என்று கேட்டு ஓட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 61 பேர் கையெழுத்திட்டார்கள். முதலாளி பணிந்தான். அங்கே பிறந்த சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கௌபோய்களின் ஆமைச் சங்கம்'. ஒன்றுசேர மெதுவாகத்தான் வந்தோம், ஆனால் கடைசியில் கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்று அதற்கு விளக்கம். இதைவிட நல்ல நாடகம் ஒரு தொலைக்காட்சி எழுத்தாளனுக்குக் கிடைக்குமா? ஆனால் ஸ்ரோனியும் மிச்சும் தனியன்களாகவே அலைகிறார்கள். தொழிலாளியைக் காட்டலாம், தொழிலாளரைக் காட்டக்கூடாது.

அடுத்தது தோலின் நிறம். றோடியோ என்ற சொல்லே ஸ்பானியம். மாடுகளை வளைத்துச் சேர்ப்பது என்று பொருள். லாஸோ, றாஞ்ச் எல்லாம் மெக்ஸிக்கோ மாட்டுக்காரர்களிடமிருந்து எடுத்த சொற்கள், சொற்களோடு தொழிலும். பழைய மேற்கில் மாடு மேய்த்தவர்களில் நாலில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர் பலர் சொல்லும் மதிப்பீடு. ஓடும் காளையின் மீது குதிரையிலிருந்து பாய்ந்து கொம்பைப் பிடித்து விழுத்தும் போட்டியைப் புகழாக்கியவர் 1870இல் ரெக்ஸஸில் பிறந்த பில் பிக்கெற் என்ற கறுப்பர். காளையின் உதட்டைப் பல்லால் கடித்து விழுத்துவார். கறுப்பர் என்றால் களத்தில் இறக்க மாட்டார்கள் என்பதால் அவரைச் செவ்விந்தியர் என்று விளம்பரம் செய்த இடங்களும் உண்டு.

1911இல் ஒறிகன் மாநிலத்தின் பென்டில்ரன் நகரில் இறுதிப் போட்டிக்கு மூவர் வந்தார்கள். ஜோன் ஸ்பெயின் வெள்ளையர், ஜக்ஸன் சன்டவுன் நெஸ் பேர்ஸ் பூர்வகுடியினர், ஜோர்ஜ் ஃபிளெச்சர் கறுப்பர். நடுவர்கள் வெள்ளையருக்கு முதலிடம் கொடுத்தார்கள். கூட்டம் ஒப்பவில்லை. அவ்வூர் ஷெரிஃப் ஃபிளெச்சரின் தொப்பியை வாங்கித் துண்டு துண்டாக வெட்டிக் கூட்டத்துக்கு விற்று, பணத்தை அவரிடம் கொடுத்தார். இது ஒரு முழு அங்கத்துக்குப் போதும்.

இரண்டு தொடர்களினதும் நாயகர்கள் வெள்ளையர். 'ஸ்ரோனி பேர்க்' கடைசியாக ஒளிபரப்பானது 1963 மே 20இல். அதே மாதத் தொடக்கத்தில் அதே தொலைக்காட்சிப் பெட்டிகளில்தான் பேர்மிங்ஹாம் நகரத்துக் கறுப்புச் சிறுவர்கள் மீது பொலிஸ் நாய்கள் ஏவப்பட்டதையும் தண்ணீர்க் குழாய்கள் திருப்பப்பட்டதையும் அமெரிக்கா பார்த்தது. அடுத்த ஆண்டு, 1964இல், மேட்டிஸ் டைற்மன் தேசிய இறுதி றோடியோவுக்குத் தகுதிபெற்ற முதல் கறுப்பரானார். காளைச் சவாரியில் ஒரு கறுப்பர், சார்லி சம்ப்ஸன், உலகச் சம்பியனாக 1982 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

பழங்கதை என்பவர்களுக்கு ஒரு முத்திரையின் கதை. மேற்கின் புகழ்பெற்றவர்களுக்கென அமெரிக்கத் தபால் திணைக்களம் அச்சிட்ட முத்திரைத் தாளில் பில் பிக்கெற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். 1994இல் பார்த்தால் படத்தில் இருப்பவர் பில் அல்ல, அவரது சகோதரர் பென். தாள்களைத் திருப்பி எடுத்து வேறு படத்தோடு மீண்டும் அச்சிட்டார்கள். பிழையான தாள்களில் 150,000ஐக் குலுக்கல் முறையில் விற்றும் தீர்த்தார்கள். ஒரு கறுப்பனின் முகம் தெரியாமற்போனதும் சேகரிப்பாளருக்கு அதிர்ஷ்டம்.

கனடாவில் இருப்போர் சிரித்துவிட்டுப் போக வேண்டாம். கல்கரியில் ஒவ்வொரு யூலையிலும் வெள்ளைத் தொப்பி போட்டுப் படமெடுத்து ஊருக்கு அனுப்புகிறோம். 1912இல் நடந்த முதல் கல்கரி ஸ்ரம்பீட்டில் குதிரைச் சவாரியை வென்றவர் ரொம் த்ரீ பேர்சன்ஸ், கைனாய் பூர்வகுடியினர். இரண்டு வருடம் கழித்து, 1914இல், இந்தியர் சட்டத்தைத் திருத்தி, மேற்கு மாகாணங்களின் பூர்வகுடியினர் உத்தியோகபூர்வ அனுமதியில்லாமல் தமது உடையணிந்து கண்காட்சிகளிலோ ஸ்ரம்பீட்டுகளிலோ பங்குபற்றக்கூடாது என்று விதித்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயர் தெரியாமலே தொப்பியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் எம்மவரைப் பார்க்கையில் வரும் கோபம்தான் இதை எழுத வைத்தது.

ஜக் லோர்டுக்கு என்ன நடந்தது என்று கேட்கலாம். தங்கப் பக்கிள் கனவோடு அலைந்த மனிதனை ஒரு பருவத்துக்கு மேல் வைத்திருக்க முடியாத அமெரிக்கத் தொலைக்காட்சி, 1968இல் அவரை மறுபடி அழைத்தது. இம்முறை கோட்டும் சூட்டும். 'ஹவாய் ஃபைவ்-ஓ'வில் ஆளுநருக்கு மட்டுமே பதில் சொல்லும் பொலிஸ் தலைவர். அது 1980 வரை பன்னிரண்டு வருடம் ஓடியது.