தொலைவிலிருந்து பயிற்சி: தனியே கேட்பதா, கூடிக் கேட்பதா?

கூட்டுறவுச் சங்கத்திற்கு மூலதனம் எவ்வளவு இன்றியமையாததோ, அவ்வளவு இன்றியமையாதது பயிற்சி. ஏட்டை முறையாக எழுத அறியாத பணியாளரும், அந்த ஏட்டைப் பற்றிக் கேள்வி கேட்க அறியாத அங்கத்தினரும் உள்ள சங்கத்தில், கூட்டுறவு என்பது பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். இந்தப் பயிற்சியில் பெரும்பகுதி இப்போது இணையவழியே நம்மை வந்தடைகிறது. 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் வேறு வழியின்றி மேற்கொண்ட முறை, நோய் தணிந்த பின்னரும் நிலைபெற்றுவிட்டது.

விழுப்புரத்தில் அமர்ந்து ஒருவர் பேச, திண்டிவனம் வட்டத்துச் சங்கப் பணியாளர்கள் அவரவர் கைப்பேசியில் கேட்கின்றனர். பேருந்துச் செலவு மிச்சம். ஒரு நாள் வேலையும் கெடுவதில்லை. இவை மறுக்கவொண்ணாத நன்மைகள். ஆயினும், ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் நான் காண்பது யாதெனில், ‘வகுப்பில் கலந்துகொண்டேன்’ என்போர் பலர். ‘கற்றதைச் செய்து பார்த்தேன்’ என்போர் மிகச் சிலர். இதற்குத் தொலைவே காரணம் என்று பலர் கருதுகின்றனர். என் அபிப்பிராயம் வேறு. கற்பவர் தனித்திருப்பதே குறை. தொலைவின் மேல் பழி சுமத்துவது நியாயமன்று.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, யுனெஸ்கோவின் ஆதரவுடன் அகில இந்திய வானொலியின் புனா நிலையம் ஒரு சோதனையை நடத்திற்று. ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில், ஊருக்கு 20 பேர் அளவில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை அரை மணி நேர நிகழ்ச்சி ஒலிபரப்பாகும். மன்றத்தார் கூடிக் கேட்பர். கேட்டபின் கலந்து பேசுவர். ஐயங்களை நிலையத்திற்கு எழுதுவர். அவற்றிற்கு வானொலியிலேயே விடை வரும். டாடா சமூக அறிவியல் கழகத்தார் இதனை மதிப்பிட்டனர். மன்றம் இருந்த ஊர்களில் அறிவு வெகுவாக வளர்ந்திருந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் அத்தகைய வளர்ச்சி இல்லை. பேசியவர் அவரே, பேச்சும் அதுவே. கேட்ட முறை ஒன்றே வேறு.

இம்முறையின் முன்னோடி கனடா நாடாகும். 1941 முதல் 1965 வரை அங்கு நடைபெற்ற பண்ணை வானொலி மன்றம், ‘படி, கேள், கலந்து பேசு, செய்’ என்பதைத் தன் கொள்கையாகக் கொண்டிருந்தது. தொலைவிலிருந்து வரும் சொல் வயலில் பயன் தரும் என்பதற்குத் தஞ்சை மாவட்டமும் சாட்சி. 1960-களின் பிற்பகுதியில் அங்குப் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல் இரகத்தை, வானொலி வாயிலாக அறிந்துகொண்ட விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர்.

கூடிக் கேட்பதால் வரும் பயன் யாது? ஒருவருக்குத் தோன்றாத ஐயம் அடுத்தவருக்குத் தோன்றும். அதிகாரியிடம் கேட்கக் கூசுபவர் பக்கத்தில் இருப்பவரிடம் கூசாமல் கேட்பார். நால்வர் முன் ‘இதைச் செய்வேன்’ என்று சொன்னவர், மறுவாரம் அந்த நால்வருக்கும் பதில் சொல்ல வேண்டியவராகிறார்.

ஆகவே நம் சங்கங்களுக்கு நான் கூறும் யோசனை இது. இணையவழி வகுப்பு நடைபெறும் நாளில், அருகருகே உள்ள சங்கங்களின் பணியாளரும் நிர்வாகிகளும் பத்துப் பதினைந்து பேராக ஒரு சங்கக் கட்டடத்தில் கூடட்டும். ஒரே பெரிய திரை போதும். அவர்களுள் ஒருவர் கூட்டத்தை நடத்தட்டும். பயிற்சியாளர் அரை மணிக்கு மேல் பேச வேண்டாம். பேச்சு முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு அரை மணி தங்களுக்குள் பேசட்டும். எழுந்த கேள்விகளையும் எடுத்த முடிவையும் ஓர் ஏட்டில் எழுதி அனுப்பட்டும். அடுத்த வகுப்பு அக்கேள்விகளுக்கான விடையுடனும், ‘சென்ற வாரம் யார் செய்தார்கள்?’ என்ற விசாரணையுடனும் தொடங்கட்டும்.

மணிலாப் பயிரை எடுத்துக்கொள்வோம். இறவைப் பயிருக்கு 40 முதல் 45-ஆம் நாளுக்குள் ஏக்கருக்குச் சுமார் 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும் என்பது பரிந்துரை. இதைக் கைப்பேசியில் தனியே கேட்டவர் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார். கூடிக் கேட்டவர்களோ, ‘நம் சங்கத்தில் ஜிப்சம் இருப்பு உண்டா? இன்னும் எத்தனை நாளில் வேண்டும்?’ என்று அங்கேயே கணக்கிடுவார்கள். கேட்ட பாடம் அப்போதே கொள்முதல் தீர்மானமாகிறது.

எல்லாவற்றையும் திரை வழியே கற்பிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பாவின் இழுவை சரியா என்பதைச் சிறுவந்தாட்டுப் பட்டு நெசவாளர் தம் விரலால் தொட்டே அறிகிறார். அவ்வித்தைக்குத் தறியருகே ஆசான் வந்து நிற்கத்தான் வேண்டும். கணக்கு, சட்டம், சந்தை நிலவரம் ஆகியவற்றைத் தொலைவிலிருந்து கற்பிக்கலாம். கைத்தொழிலை நேரில்தான் கற்பிக்க வேண்டும். முன்னதில் மிச்சமாகும் பயணச் செலவைப் பின்னதற்குச் செலவிடுவதே சிக்கனம்.

‘ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்க, ஏன் ஓரிடத்தில் கூட வேண்டும்? அரை நாள் வேலை கெடுமே’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க, 2022 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டத்தை நினைவிற் கொள்க. 63,000 சங்கங்களுக்கு 2,516 கோடி ரூபாய் அதில் ஒதுக்கப்பட்டது. நம் மாநிலச் சங்கங்களும் அதில் அடங்கும். இயந்திரம் வந்துவிட்டால் ஏடு தானாகச் சரியாகிவிடாது. அரைகுறையாகக் கற்ற ஒருவர் கட்டிய தவணையை வரவு வைக்கத் தவறினால், கடனை முறையாகச் செலுத்திய விவசாயி பதிவேட்டில் தவணை தவறியவராகத் தோன்றுவார். அடுத்த பருவத்துப் பயிர்க்கடன் அவருக்குத் தடைப்படும். அதன் முன் அரை நாள் வேலை பெரிதன்று.

சங்கத்தின் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. அது அங்கத்தினர்களாகிய உங்கள் பணம். எனவே, அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் எத்தனை வகுப்புகள் நடந்தன என்று மட்டும் கேட்டு அமைந்துவிடாதீர்கள். எத்தனை பேர் கூடிக் கேட்டனர், என்ன கேள்வி எழுப்பினர், அதன்பின் சங்கத்தில் என்ன மாறிற்று என்று கேளுங்கள். கேட்கும் அங்கத்தினர் உள்ள சங்கத்தில்தான் கற்கும் பணியாளரும் இருப்பார்.