நான்கரை மணிப் பசி

பள்ளி விடும் நேரத்தில் நம் ஊர்ப் பெட்டிக்கடை ஒன்றின் ஓரமாகச் சற்று நின்று பாருங்கள். சரம் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் மளமளவெனக் குறைந்துகொண்டே வரும். கொஞ்சம் தள்ளி, ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டிக்காரர் அடுப்பைப் பற்றவைத்து, இரும்புச் சட்டியில் முட்டைக்கோஸை வீசிப் புரட்டத் தொடங்கியிருப்பார். தோளில் புத்தகப் பையோடு அங்கே நிற்கும் பிள்ளையைப் பார்த்து, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாக்கு நீளம்” என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அந்தப் பிள்ளை காலையில் வேன் வருவதற்குள் இரண்டு இட்லியை விழுங்கியிருக்கும். மதியம், அவசர இடைவேளையில் ஆறிப்போன எலுமிச்சைச் சாதத்தில் பாதியைத்தான் சாப்பிட்டிருக்கும். அதன் பிறகு நான்கு மணி நேரம் பாடம். இப்போது அதற்கு நிஜமாகவே பசிக்கிறது. அந்தப் பசி தேடும் இடத்தில் கைக்கு எட்டுகிற சோறாக இருப்பது பாக்கெட் மட்டும்தான்.

துரித உணவிலிருந்து பிள்ளைகளை மீட்பது பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்தப் பேச்சு பெரும்பாலும் “அதைத் தின்னாதே” என்பதில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மாலை நான்கரை மணிக்கு அந்த வயிற்றுக்கு என்ன கொடுக்கப்போகிறோம் என்பதுதான் முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி என்று நாம் நினைக்கிறோம்.

ஆபத்து சிறியதல்ல. 5 முதல் 19 வயது வரை உள்ளவர்களில், எடை குறைந்த பிள்ளைகளைவிட உடற்பருமன் உள்ள பிள்ளைகளின் விகிதம் உலக அளவில் முதல்முறையாக அதிகமாகிவிட்டதாக 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது. இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவிகிதம் தவறான உணவுமுறையோடு தொடர்புடையது என்று, 2024-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள் நிபுணர்கள். கால் லிட்டர் கோலா பாட்டில் ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கே தினம் 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்ன நூடுல்ஸ் பாக்கெட் ஒன்றில் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருக்கும் வகைகள் உண்டு. கொடுமை என்னவென்றால், இவற்றைத் தின்று வயிறு நிறைந்த பிள்ளை இரவில் சோறு வேண்டாம் என்கிறது. சோற்றோடு பருப்பும் கீரையும் முட்டையும் தட்டிலேயே நின்றுவிடுகின்றன. உடம்பு பருத்த பிள்ளைக்கும் ரத்தசோகை இருப்பது இப்படித்தான்.

சரி, பாக்கெட்டுகளை வீட்டில் பூட்டிவைத்துவிடலாமா? லீன் பெர்ச் என்ற அமெரிக்க உளவியலாளர், சின்னஞ்சிறு பிள்ளைகள் எப்படிச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். கண்ணெதிரே வைத்துக்கொண்டு ‘தொடாதே’ என்று தடுத்த தின்பண்டத்தின் மீது பிள்ளைகளுக்கு ஆசை கூடியதை 1999-ல் ஜெனிஃபர் ஃபிஷரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பிடிக்காத காய் ஒன்று பழகுவதற்கு எட்டு, பத்து முறைகூடத் தட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்பதும் இத்துறையினர் கண்டறிந்தது. நாமோ இரண்டாம் முறையிலேயே “என் பிள்ளைக்கு பீன்ஸ் ஆகாது” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். “காயைத் தின்றால் சாக்லேட் தருகிறேன்” என்று பேரம் பேசும்போது, காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே கற்றுக்கொடுத்தும்விடுகிறோம்.

பாக்கெட்டுக்குப் பரிசு என்ற இடத்தைக் கொடுத்தது பெரியவர்கள்தான். மாதச் சம்பளம் வந்ததும் அப்பா குடும்பத்தோடு பீட்சா கடைக்குப் போகிறார். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வந்தால் ஃப்ரைடு சிக்கன். சாப்பிடாமல் அடம்பிடித்தால் தாத்தாவே கைப்பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போகிறார். உறவுக்காரர் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போன வழக்கம் நகரங்களில் அநேகமாக மறைந்துவிட்டது. க்ரீம் பிஸ்கட் இல்லாமல் போனால் மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. இவையெல்லாம் பாசத்தில் செய்பவை. அதனால்தான் இவற்றை மாற்றுவது கடினம். ஆனாலும் மாற்றத்தை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் கொய்யாவோ கடலை மிட்டாயோ கொண்டுபோகட்டும்.

இதைப் படிக்கும் அம்மாக்கள் “நானும் வேலைக்குப் போகிறேன், நான்கரை மணிக்கு வீட்டில் இருப்பது யார்?” என்று கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. இந்தச் சுமையையும் அவர்கள் தலையில் ஏற்றும் எண்ணம் நமக்கில்லை. அப்பாவும் செய்யக்கூடிய வேலைதான் இது. முந்தின இரவு ஊறப்போட்ட கொண்டைக்கடலை, காலையில் குக்கரில் நாலு விசில் வந்தால் தயார். மாலையில் பாட்டியோ, பத்து வயதைத் தாண்டிய பிள்ளையோ தேங்காய்த் துருவலைத் தூவிக்கொள்ளலாம். அவலை நனைத்து வெல்லமும் தேங்காயும் கலக்க அடுப்பே வேண்டாம். தோசை மாவு மிச்சமிருந்தால் குழிப்பணியாரம். வேகவைத்த வேர்க்கடலை, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தை மாதத்தில் பனங்கிழங்கு, ஒரு முட்டை என்று எதுவும் இல்லாத வீட்டில்கூட ஒரு வாழைப்பழம் இருக்கலாமே. நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. எந்த சிப்ஸும் அதன் பக்கத்தில் வர முடியாது. பிள்ளையையே பயறு முளைகட்டச் சொல்லுங்கள். தான் முளைகட்டியதைத் தின்று பார்க்காத பிள்ளை அரிது.

வீடு மட்டும் மாறினால் போதாது. பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி வகுத்துவிட்டது. நம் பள்ளி வாசல்களைப் பார்த்தால் அப்படியொரு விதி இருப்பதாகவே தெரியாது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை அச்சிடும் விஷயமும் இழுபறியிலேயே இருந்துவந்திருக்கிறது. மூன்று மாதங்களில் பரிந்துரையை முடிக்கும்படி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது. தென்னமெரிக்காவின் சிலி நாடு 2016-லேயே எண்கோண வடிவக் கறுப்பு முத்திரைகளைப் பாக்கெட்டுகளின் முகப்பில் ஏற்றியது. முத்திரை வாங்கிய பண்டங்களின் உறைகளிலிருந்து பிள்ளைகளைக் கவரும் கார்ட்டூன் பொம்மைகளையும் இறக்கியது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய குழந்தைக்கும் புரிகிற அப்படியொரு குறி இங்கும் வர வேண்டும்.

தமிழ்நாட்டிடம் இதைவிடப் பெரியதாகவே கேட்கலாம், கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பரவலான மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் என்று, பள்ளிப் பிள்ளையின் பசியை அரசின் பொறுப்பாக ஏற்ற மண் இது. இரண்டு வேளையை ஏற்ற அரசு, பள்ளி விடும்போது ஒரு கைப்பிடிச் சுண்டலையும் ஏற்கட்டும். சத்துணவுப் பட்டியலில் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளியில் சமையற்கூடமும் இருக்கிறது. சத்துணவு ஊழியர்களுக்குக் கூடுதல் நேரத்துக்கான ஊதியத்தை முறையாகக் கொடுத்து, முதலில் மாலை சிறப்பு வகுப்புக்குக் காத்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். தனியார் பள்ளி நிர்வாகங்கள் அதுவரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. கேன்டீனில் சிப்ஸ் தொங்கும் கம்பியைக் கழற்றிவிட்டுச் சுண்டலும் பழமும் வைக்க நாளைக்கே உத்தரவிடலாம்.