கர்ப்பமானதும் நிறுத்தக் கூடாத மாத்திரை

கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்குத் தைராய்டு மாத்திரை வாங்க அம்மாக்கள்தான் வருவார்கள். மன்னார்குடியில் என் மருந்துக் கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, மடித்த சீட்டை நீட்டுவார்கள். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாதும்மா" என்பார்கள். அந்தப் பெண்களில் சிலர் பிறகு உண்டாகியிருக்கும்போது வந்து, மாத்திரையை விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். புள்ளத்தாச்சி கண்ட மாத்திரையையும் முழுங்கக் கூடாது என்று மாமியார் சொன்னாராம்.

பொதுவாக அது நல்ல புத்திமதிதான். தைராய்டு மாத்திரை விஷயத்தில் நேர்மாறு. கழுத்துச் சுரப்பி சுரக்க வேண்டியதைத்தான் லெவோதைராக்சின் என்ற பெயரில் மாத்திரையாகத் தருகிறோம். கருவிலுள்ள குழந்தையின் சொந்தத் தைராய்டு வேலையைத் தொடங்கவே ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஹார்மோன் தாயிடமிருந்துதான் போக வேண்டும். அதனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் கர்ப்பமானால், டாக்டர்கள் அளவைக் கால் பங்கு, சிலருக்குப் பாதிகூட, ஏற்றுவார்கள். ஏற்ற வேண்டிய நேரத்தில்தான் நம் வீடுகளில் நிறுத்துகிறோம்.

1999இல் அமெரிக்காவில் வெளிவந்த, ஹாடோ என்ற ஆய்வாளர் குழுவின் ஆய்வில், கர்ப்பத்தின்போது தைராய்டு குறைவாக இருந்தும் சிகிச்சை பெறாத தாய்மார்களின் பிள்ளைகள், 7 முதல் 9 வயதில் அறிவுத்திறன் சோதனையில் சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு, தைராய்டு குறையும்போது ரத்தத்தில் கூடும் டி.எஸ்.எச். இம்மி ஏறினாலே அலறவும் வேண்டாம். லேசான குறைபாட்டைக் கர்ப்பத்தின் நடுவே கண்டுபிடித்து மாத்திரை கொடுத்துப் பார்த்த 2012, 2017ஆம் ஆண்டு ஆய்வுகளில் பிள்ளைகளின் அறிவுத்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. என் கவலை, நிஜமாகவே மாத்திரை தேவைப்படுகிறவர்கள் பாதியில் விடுவதைப் பற்றித்தான்.

கரு தங்குவதற்கே தைராய்டு வேண்டும். அது ரொம்பக் குறைந்தால் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி, கருமுட்டை வெளிவருவது தடைப்படும், மாதவிலக்கு தாறுமாறாகும், கரு கலையவும் கூடும். குழந்தை இல்லை என்று லட்சங்களைச் செலவழிக்கத் தொடங்கும் முன், சில நூறு ரூபாயில் முடிகிற தைராய்டு ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம். மாப்பிள்ளையின் விந்துப் பரிசோதனையையும் கூடவே செய்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

பிரசவத்தோடு தைராய்டு குறைபாடு முடிந்துவிடுவதும் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் தொடரும். கவனிக்காமல் விட்டால் கெட்ட கொழுப்பு ஏறி இதயத்தைத் தாக்கும். மறதியும் மந்தமும் வரும். "அம்மாவுக்கு ஞாபக மறதி, ஏதாவது டானிக் குடுங்க" என்று கேட்டு வருபவர்களிடம், முதலில் டி.எஸ்.எச்., வைட்டமின் பி12 இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். டானிக் விற்றால் லாபம் அதிகம், அது வேறு கதை. இன்னொரு பக்கம், களைப்பாக இருக்கிறதென்று தாங்களாகவே ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. வயதானவர்களுக்கு அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும்.

சாப்பிடும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் காபி. எங்கள் பக்கத்தில் இந்த அரை மணி நேரம் பெரிய தவம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகள் தருகிறார்கள். ஒரே வேலையாகப் போகட்டும் என்று மூன்றையும் சேர்த்து முழுங்கினால், இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவில்லையே என்று வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

இதையெல்லாம் சொல்ல டாக்டருக்கு நேரமில்லை. எனக்கும் மாலை ஏழு மணிக்கு மேல் இருப்பதில்லை. ஆனால் புட்டியின் மேல் இடமிருக்கிறது. இப்போது அதில் பொடி எழுத்தில் ஆங்கிலம்தான். "வெறும் வயிற்றில். இரும்பு, கால்சியம் நான்கு மணி நேரம் தள்ளி. கர்ப்பமானால் நிறுத்தாதீர்கள், உடனே டாக்டரைப் பாருங்கள்" என்று தமிழில் மூன்று வரி அச்சடிக்க மருந்துக் கம்பெனிகளை அரசு கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை என் கடையில் ரப்பர் ஸ்டாம்பு செய்து, மாத்திரை போடும் கவரில் குத்திக் கொடுக்கிறேன்.